மலைக்குடிலின் வைஃபை

எய்லிஃப்,

மீன் வடை பிரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. பத்து மணிக்குப் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வருவார், கதவைத் திறந்துவிடு.

புது சிஸ்டம் ஏற்றியதிலிருந்து வைஃபை பிடிக்கவில்லை என்று புலம்பினாயே, உன் லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டேன். உதவி எண்ணில் பேசிய பெண், "பழைய வைஃபை பேரெல்லாம் அழிச்சிட்டு, வீட்டோடத மட்டும் திரும்பப் போடுங்க" என்றாள். அழிக்குமுன் பட்டியலைப் படித்தேன். நம் வீடு, உன் ஆபீஸ், நூலகம். நான்காவதாக 'ஓர்னெபூ'. நம் மலைக்குடிலின் வாசற்பலகையில் இருக்கும் அதே பெயர். தண்ணீர்க் குழாய்கூட இல்லாத குடிலுக்கு வைஃபை எப்போது வந்தது?

போன ஈஸ்டருக்கு, "இங்க வந்தா மனுஷங்களோட பேசணும்" என்று நம் மகள் இல்வாவின் போனைப் பிடுங்கிக் காரில் வைத்துப் பூட்டியவன் நீ. அழுதுகொண்டே பஸ் ஏறினவள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. நீ மட்டும் வாரம் தவறாமல் "கூரைப் பனிய அள்ளணும்" என்று தனியாகப் போகிறாய். அவ்வளவு பனியா விழுந்தது?

அந்த ஒரு பெயரை மட்டும் அழிக்கவில்லை, சாட்சிக்கு இருக்கட்டும்.

நானும் இல்வாவும் குடிலுக்குப் போகிறோம். பாஸ்வேர்ட் நம் நாயின் பெயராகத்தான் இருக்கும்.

குன்வோர்

பி.கு.: நீயும் வருவதானால் வா. போனைக் காரிலேயே வைத்துவிட்டு வா.