ஒரு தடவைதான் கேட்டாய்

தேங்காய்த்திட்டு
3-2-1961

அன்பு ஜானகிராமா,

நலம். உன் மனைவி அமிர்தவல்லிக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? நீ என்னை மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை.

வரும் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கத்தில் எனக்கு மாலை போடப் போகிறார்களாம். பணம் சேர்க்க மனிதனுக்கு என்ன குணங்கள் வேண்டும் என்று நான் பத்து நிமிஷம் பேச வேண்டும். வலையைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு நேரமும் பேசுவேன். குணத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் என் கட்டுரைகளையெல்லாம் நீதானே எழுதிக் கொடுத்தாய். இதையும் எழுதிக் கொடு.

உன்
காசிலிங்கம்


மூலக்குளம்
9-2-1961

காசிலிங்கத்துக்கு,

உரையை இத்துடன் வைத்திருக்கிறேன். உழைப்பு, சிக்கனம், சொன்ன சொல் மாறாமை. கைதட்டுவார்கள்.

உண்மையான குணத்தை அதில் எழுதவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "நைலான் நூல் வருதுடா. வலை பின்னி விக்கலாம். ஆளுக்குப் பாதி" என்றாய். "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்றேன். அமிர்தவல்லி காப்பி கொண்டு வருவதற்குள் நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். சாப்பிடக் கூப்பிட்டால்கூட முதல் தடவை வேண்டாம் என்றுதானே சொல்வோம்? அது மரியாதை. மறுநாள் நீ வருவாய் என்று அரைநாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். நீ உன் மைத்துனன் இராமதாஸைச் சேர்த்துக்கொண்டாய்.

ஒரு தடவைதான் கேட்டாய். அப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற மனம் இருக்கிறதே, அதுதான் பணம் சேர்க்கும் குணம். பிரெஞ்சுக்காரன் போனபின் நான் படித்த பிரெஞ்சுக்கு ஆபீசில் மதிப்பில்லை. ஆறு வருஷமாக அதே நாற்காலி. இதையும் நீ தெரிந்துகொள்.

ஜானகிராமன்


தேங்காய்த்திட்டு
14-2-1961

அன்பு ஜானகிராமா,

அது குணமில்லையடா, வெட்கம். அன்றைக்கு மீன் ஏலம் முடிந்து நேரே உன் வீட்டுக்கு வந்தேன். சட்டையெல்லாம் வாடை. நீ என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாய். எங்கள் தொழில் உங்கள் வீட்டுக்கு ஆகாது என்று எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஏறி மிதிக்கத் தெம்பில்லை.

இப்போது கேட்கிறேன். ஐஸ் பாக்டரி கட்டப் போகிறேன். நிர்வாகத்தை நீ பார். பாதி உனக்கு. கூட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்.

உன்
காசிலிங்கம்


மூலக்குளம்
20-2-1961

அன்புள்ள காசிலிங்கம்,

நீ கேட்டதே போதும். இந்த வயதில் எனக்கெதற்கு அதெல்லாம்? கூட்டத்துக்கு வரவும் சௌகரியப்படாது.

மற்றபடி, தினமும் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க இருப்பேன்.

ஜானகிராமன்


தேங்காய்த்திட்டு
28-2-1961

அன்பு ஜானகிராமா,

சரி. உன் மனம் தெரிந்தது. இனி இதைச் சொல்லி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நீ எழுதியதை அப்படியே வாசித்தேன். கைதட்டினார்கள். என் பக்கத்து நாற்காலியில் கடைசிவரை யாரையும் உட்கார விடவில்லை.

காசிலிங்கம்


மூலக்குளம்
22-1-1962

என் அன்புக் காசிலிங்கம்,

ஐஸ் பாக்டரி திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. உறையின் மேல் 'உயர்திரு ஜானகிராமன் அவர்கள்' என்று யாரோ ஒரு குமாஸ்தாவின் கையெழுத்து.

சரி என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வருஷமும் என் மனதில் இருந்த பதில் சரிதான். ஐம்பத்தைந்திலும் சரிதான். "நீங்க என்ன சீர் கேக்கற மாப்பிள்ளையா, அவரு வந்து வந்து அழைக்க? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்கிறாள் அமிர்தவல்லி. அவளுக்கு என்ன தெரியும்.

நிர்வாகம் வேண்டாம். பாதியும் வேண்டாம். அந்த நாற்காலி இன்னும் காலியாக இருந்தால் வந்து உட்காருகிறேன்.

இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை. நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் நேரிலேயே சொல்லிவிடலாம்.

உன்
ஜானகிராமன்