மிராசுதார் வாங்கிய ஸ்பானியல்

டிசம்பர் 11
விடாத தூறல். வழியெல்லாம் சேறு. காலையில் இரண்டு வண்டிமாடுகளுக்குக் குளம்புப் புண், மருந்து கட்டினேன். பிறகு கோச்சடை மிராசுதார் வீடு.

சீமைக்குத் திரும்பிய மில் துரையின் நாயை இவர் வாங்கியிருக்கிறார். ஸ்பானியல் ஜாதி. பழுப்பும் வெள்ளையும். வெட்டிய குட்டை வால், தொங்கும் காது. சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். கூடமெங்கும் அத்தர், அதற்கடியில் பிண நாற்றம். காதைத் தூக்கினேன். சீழ், புழு. அத்தரைக் காதுக்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்கள். சீ!

"சீமையில மகாராணி மடியில வளர்ற ஜாதியாம், டாக்டரே."

வேட்டைக்காரர்கள் வளர்த்த ஜாதி என்றேன். ஸ்பெயினிலிருந்து வந்த வம்சம் என்பார்கள், பெயரும் அதனால்தான். புதரில் புகுந்து பறவையைக் கிளப்பும், சுட்டு விழுந்ததை நீந்திப் போய் எடுத்துவரும். காது மூடியே கிடப்பதால் ஈரம் தங்கும், தினம் துடைக்க வேண்டும். ஆறும்வரை தண்ணீர் ஆகாது.

அவர் காதில் விழுந்தது வேட்டை என்ற சொல் மட்டும்.

டிச. 19
மழை இல்லை. காதைப் பார்க்கப் போனால் நாய் கண்மாயில். மிராசுதாரோடு விருந்தாளிகள், சாராய நெடி. இறக்கையில் குண்டு பட்டு ஒரு தாரா வாத்து விழுந்தது. நாய் நீந்திப் போய்க் கவ்வி வந்து அவர் காலடியில் வைத்தது. உயிரோடு. ஒரு பல் தடம் இல்லை. அப்படிப் பழக்கிய வாய்.

"என்ன மாப்ள, கடிக்கவே தெரியல! இதுக்கா இம்புட்டுப் பவுசு?" விருந்தாளி ஒருவன்.

மிராசுதார் பூட்ஸ் காலால் அதன் விலாவில் உதைத்தார். அதன் குணமே அதுதான் என்றேன்.

"நீரு மாட்டப் பாரும்."

நாய் மறுபடி அவரிடமே போய் வாலை ஆட்டியது.

டிச. 22
தலைவலி. கிணற்று நீர் கலங்கல். மிராசுதார் ஆள் விட்டிருந்தார், நாய்க்கு ஊசி போட்டு முடிக்கவேண்டுமாம். தொழுவத்தில் கட்டிக் கிடந்தது. வெறி ஏறட்டும் என்று பட்டினி போட்டார்களாம். அப்படியும் என் கையை நக்கியது.

"காவலுக்கும் ஆகல, நாத்தமும் தாங்கல. முடிச்சுரும்."

"நான் கொண்டு போறேன்."

"இந்தச் சனியன் எதுக்கு உமக்கு?"

கயிற்றை அவிழ்த்து நாயைக் குதிரைவண்டியில் ஏற்றினேன். குதிரைவண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். வாசலில் என் மனைவி மரகதம்: "ஆத்தாடி, எம்புட்டு நாத்தம்! உள்ள கொண்டு வராதீக." கொல்லையில் கட்டினேன். கஞ்சி ஊற்றியது அவள்தான்.

டிச. 23
வெயில். காதில் புழு குறைவு. மிராசுதாரின் ஆள் மறுபடி வாசலில். மனசு மாறிவிட்டாரோ என்று திக்கென்றது.

"நாயி வேணாமாம் சார். கழுத்துப் பட்டை சீமைத் தோலாம்ல, அத மட்டும் வாங்கியாரச் சொன்னாக."

நேற்றே அவிழ்த்து மூலையில் போட்டிருந்தேன். உட்பக்கமெல்லாம் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவ மரகதம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அப்படியே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.