தள்ளி அடித்த முளை

நீடாமங்கலம்
ஆவணி 24, செவ்வாய், மதியம்

அன்பு மகன் செந்தில்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், ஒஹாயோவில் நீயும் வானதியும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு விண்ணப்பம் கிடையாது. நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, என் பங்கு நலம் எப்படி என்பதை மேலே படித்துத் தெரிந்துகொள். தினமும் பேசிக்கொள்கிறவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேசுகிறோம், சரிதான். ஆனால் போனை எடுத்ததும் நீ கேட்பது அப்பா இன்னைக்கு யாரு என்பதுதான், அதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் வழக்கமாக நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பும் பேஸ்பால் முன்னோட்டத்துக்குப் பதிலாக இன்று இதை எழுதி அனுப்புகிறேன். அதே நோட்டு, அதே பேனா. எந்த அணியின் பெயர் எங்கே இருக்கிறது என்று பக்கத்தைத் தள்ளித் தள்ளித் தேடாதே, இன்று அது இல்லை. அவசரப்படாமல் கடைசி வரை படி.

குறுவை அறுவடை முடிந்துவிட்டது. நம் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் ரெங்கசாமி அறுக்கிற மெஷின் கிடைக்காமல் ஆறு நாள் அலைந்தார், கிடைத்த அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து ஒருவழியாகத் தேறிவிட்டது. கோரையாற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் தஞ்சாவூர் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது நம்மூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம், முன்னால் நெல் லாரி, பின்னால் பஸ், முக்கால் மணி நேரம் கார் நகரவில்லை. அஞ்சரைக்குத் தம்பி போன் வரும், வீட்டுக்குப் போயிடணும் என்று அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள். எனக்கோ அந்த கேட் திறக்காமலே இருந்தால் தேவலை என்று இருந்தது. இரண்டு மாதமாக நான் அந்தக் காருக்குள் இருக்கிற மாதிரிதான் இருக்கிறேன் செந்தில், முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எனக்காக ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். பங்குனியில் நீதான், அப்பா ரிட்டயர் ஆகி சும்மா உட்கார்ந்திருக்கீங்க, உங்களுக்குத்தான் நம்பர் பிடிக்குமே, இதைப் பாருங்க, ஆபீஸில் நாங்கள் நண்பர்கள் யார் ஜெயிப்பார்கள் என்று சும்மா சொல்லி விளையாடுகிறோம் என்றாய். எந்த வெப்சைட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லிக் கொடுத்தாய். முப்பத்தோரு வருஷம் புள்ளியியல் ஆய்வாளராக வயல் வயலாக விளைச்சலை அளந்தவனுக்கு அது அல்வா மாதிரி இருந்தது. கடைசிப் பத்து ஆட்டத்தில் எத்தனை ரன், இன்றைக்குப் பந்து எறியப் போகிற பிட்சர் போன ஐந்து தடவை எத்தனை ரன் கொடுத்தான், சொந்த ஊரிலா வெளியூரிலா, காற்று எந்தப் பக்கம், பந்தயக்காரர்கள் யாருக்கு என்ன விகிதம் போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுச் சிவப்பு மையில் சராசரி எழுதினேன். முதல் வாரம், விகிதத்துக்கு முன்னால் மைனஸ் குறி போட்டவன்தான் நோஞ்சான் என்று நினைத்து எல்லாவற்றையும் தலைகீழாக எழுதியதும், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் நினைவிருக்கிறதா. மைனஸ் போட்டவன்தான் ஜெயிக்கக்கூடியவன் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு நானே அந்த விகிதங்களைச் சதவீதமாக மாற்றிப் பார்த்தேன். இரண்டு அணிக்கும் கூட்டினால் நூறு வரவேண்டும் அல்லவா, நூற்று நாலு வருகிறது. அந்த நாலு யாருக்கு என்று உன்னைக் கேட்டேன், அது கம்பெனிக்குப்பா என்றாய். நெல் வியாபாரி மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் பிடித்துக்கொள்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இது பணம் புழங்குகிற விளையாட்டு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஏனென்றால் மாதம் இரண்டு தடவை பேசிக்கொண்டிருந்த என் மகன் தினமும் பேச ஆரம்பித்துவிட்டான். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தடவை, ஜெயித்துவிட்டால் மறுநாள் காலை ஏழரைக்கு இன்னொரு தடவை. அம்மா டீ போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், எங்க தம்பிக்கு இப்பதான் அப்பா அருமை தெரிஞ்சிருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஆடி மாதம் வானதி தனியாகப் பேசினாள். அவளிடம் கோபப்படாதே, அவள் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அழுதாள், நேற்றுதான் சொல்லிடுங்க மாமா, சண்டை வந்தா வரட்டும் என்று அனுமதி கொடுத்தாள். நான் அனுப்பும் பக்கத்தைப் பார்த்துத்தான் நீ பந்தயத்தில் பணம் கட்டுகிறாய் என்றாள். தைக்கு வருவதற்கு வைத்திருந்த டிக்கெட் பணம் போய்விட்டது, லீவு இல்லை என்று நீ எங்களிடம் சொன்னது பொய் என்றாள். பாப்பா ஏதாவது காட்டிக் கூப்பிட்டால் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சூப்பர்மா என்கிறாயாம். உன்னைத் திட்டக்கூட வாய் வரவில்லை, என் கையெழுத்துதானே அது. மறுநாள் கண் வலி என்று சொல்லி நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். அந்த நான்கு நாளும் நீயாகவே கட்டி நான்கையும் தோற்றிருக்கிறாய், வானதி சொன்னாள். அந்த நான்கு நாளில் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, அது எனக்கு வலித்தது. எழுதினால் கட்டுகிறாய், எழுதாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறாய். அம்மாவிடம் சொன்னால் தாங்கமாட்டாள். ஐந்தாம் நாள் மறுபடியும் கட்டம் போட உட்கார்ந்தேன்.

இனி நான் சொல்லப்போவது நான் செய்த தப்பு. உனக்கு என் வேலை தெரியும். பயிர் அறுவடைப் பரிசோதனை என்றால் எந்த வயல், வயலில் எந்த இடம் என்பதைச் சீட்டில் விழுந்த எண்தான் சொல்லும், அந்த இடத்தில் முளை அடித்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் உள்ளதை மட்டும் அறுத்து நிறுப்போம். அந்த எடை குறைந்தால்தான் ஊருக்கே பயிர் இன்சூரன்ஸ் கிடைக்கும். அந்தப் பெருமழை வருஷம் எண் ரெங்கசாமி வயலில் விழுந்தது. பாதி வயல் அழுகிக் கிடக்க, முளை அடிக்க வேண்டிய இடமோ நன்றாக விளைந்த பக்கம். ரெண்டு கெஜம் தள்ளி அடிங்க சார், இன்சூரன்ஸ் வந்தா ஊரே பொழச்சிக்கும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் தள்ளவில்லை. இரண்டு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை, அப்புறம் அவராகவே வந்து, உங்களை நம்பலாம் என்று நம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். என் பணி நிறைவு விழாவில் இதை எல்லோரும் பேசினார்கள், நீயும் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். அந்த நான், போன மாதம் உனக்காக முளையைத் தள்ளி அடித்தேன். ஒரு தடவை பெரிதாகத் தோற்றால் அப்பா கணக்கின் மேல் உனக்கு வெறுப்பு வந்துவிடும், விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். பட்டியலிலேயே மோசமான அணியைத் தேடிப் பிடித்தேன். வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றவர்கள், பிட்சர் புதுப் பையன், பிளஸ் இருநூற்றுப் பத்து, அதாவது நூறு கட்டி ஜெயித்தால் இருநூற்றுப் பத்து லாபம், என்று போட்டு ஒதுக்கிவைத்திருந்தார்கள். இவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பொய்க் காரணங்களை அடுக்கி, நிஜமாக எழுதியதையெல்லாம்விட அழகாக எழுதினேன். மறுநாள் காலை ஏழரைக்குப் போன் அடித்தது. கடைசி இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். உலகத்துல ஒருத்தனும் இதச் சொல்லலப்பா, நீங்கதான் என் ராசி என்று கத்தினாய். அதுவரை கட்டாத அளவுக்குக் கட்டியிருக்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. உன் சிரிப்பைக் கேட்டு அம்மா கேசரி கிண்டினாள். அதைத் தின்ன வேண்டியவனாக நானும் உட்கார்ந்திருந்தேன்.

யாரிடமும் சொல்ல முடியாமல் வயலுக்குப் போய் ரெங்கசாமியிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு முழுக்கக் கேட்டார். அன்னைக்கு ஊருக்காகத் தள்ளல, மவனுக்காகத் தள்ளிட்டீங்க சார் என்றார். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தள்ளினது போவட்டும், இனிமே அடிக்க வேண்டிய எடத்துல அடிங்க என்று சொல்லிவிட்டு மடை திறக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து மூன்று நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் அணிகளைத்தான் அளந்திருக்கிறேன், என்னை, இந்த நாகநாதனை, அளக்கவில்லை. பங்குனியிலிருந்து நேற்றுவரை நான் எழுதிய முன்னோட்டம் நூற்று முப்பத்தெட்டு. சரியானது எழுபத்தொன்று, தப்பானது அறுபத்தேழு. ஒன்றுமே யோசிக்காமல் மைனஸ் போட்ட அணியையே ஒவ்வொரு நாளும் சொல்லியிருந்தால் எழுபத்தொன்பது சரியாக வந்திருக்கும். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை. கட்டம் போட்டு, காற்று பார்த்து, சிவப்பு மையில் எழுதிய உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது செந்தில். நான் உன் ராசி இல்லை. எழுதத் தெரிந்த, மகன் குரலைக் கேட்க ஆசைப்பட்ட ஒரு ஆள், அவ்வளவுதான்.

உனக்கு ஏன் இது தெரியவில்லை என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஜெயித்த காலைகளில் மட்டும்தான் நீ கூப்பிட்டாய், ஆகவே ஜெயித்தது மட்டும்தான் நம் மூவருக்கும் ஞாபகத்தில் இருக்கிறது. மற்ற அறுபத்தேழு காலைகளில் முடிவு எனக்கு இங்கே தெரிந்துவிடும், போன் அடிக்காது, அம்மா என்னைப் பார்ப்பாள், தூங்கிப் போயிருப்பான் என்று நான் சொல்வேன். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் ராத்திரி பத்து மணிதான், நீ தூங்கியிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அறுபத்தேழு தடவை நீ அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாய், நான் இங்கே தெரிந்தும் பேசாமல் இருந்தேன். உன்மேல் உள்ள கோபத்தைவிட இதுதான் என்னை அரிக்கிறது. இன்றோடு முன்னோட்டம் முடிந்தது, நீ எவ்வளவு கெஞ்சினாலும் எழுதமாட்டேன், அம்மாவிடமும் இன்று சொல்லிவிடப் போகிறேன். போனில் இருக்கும் அந்தப் பந்தயச் செயலியை வானதி கண் முன்னால் எடுத்துவிடு. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு அங்கே உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்களாம், அவள் விசாரித்து வைத்திருக்கிறாள், வெட்கப்படாமல் அவளோடு போய்ப் பார். தைக்கு வர முடியவில்லை என்றால் பரவாயில்லை, கரும்பு அடுத்த தைக்கும் விளையும். ஆனால் வராததற்கு நிஜக் காரணத்தைச் சொல்லு. பாப்பா ஏதாவது காட்டினால் தலையைத் தூக்கிப் பார், மறக்காதே. அவளுக்கும் வானதிக்கும் எங்கள் இருவரின் ஆசியும் முத்தமும். மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். உன் தலையில் என் கை எப்போதும் இருக்கிறது.

மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. நோட்டில் அரைப்பக்கம் மிச்சம் இருக்கிறது, பழக்கம் விடவில்லை, கடைசியாக ஒன்று எழுதிவிடுகிறேன். இடம், நம் வீடு. நேரம், இன்று ஐந்தரை. செந்தில்குமார் கூப்பிடுவானா மாட்டானா. முந்தைய வருஷம் மாதத்துக்கு இரண்டு தடவை, சராசரி நான்கு நிமிடம் பேசியிருக்கிறான். இந்த வருஷம் அப்பா அணியின் பெயர் சொன்ன நாட்களில் ஒரு நாள் தவறவில்லை, பெயர் சொல்லாத நாட்கள் நான்கு, நான்கிலும் கூப்பிடவில்லை. இன்றும் பெயர் இல்லை, போதாததற்கு அப்பா மனம் நோகும்படி எழுதியிருக்கிறார். இதைப் பார்க்கிற எந்தப் பந்தயக்காரனும் கூப்பிடமாட்டான் என்பதற்குத்தான் பெரிய மைனஸ் போடுவான், என் கணக்கும் அதையேதான் சொல்கிறது. முளையைத் தள்ளாமல் எழுதியிருக்கிறேன். அம்மா இப்போதுதான் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றைய ஆட்டம் தோற்றதும் எனக்குத் தெரியும், அதையே சொல்லு, கேட்கிறேன். கணக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் உன் பக்கம்தான் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
நாகநாதன்