உறை

ஸ்ரீமுக வருஷம், ஆவணி 9. இரவு.

என்னைப் பெற்ற அப்பச்சி காலமானதிலிருந்து கொட்டகையில் கிடந்த காரை, கப்பலில் வந்திறங்கிய நாளில் இருந்தபடியே ஆக்கிவிட வேண்டும் என்று நான்கு மாதமாக ஒற்றைக்காலில் நின்றேன். கரும்பச்சை வர்ணம் திரும்பிவிட்டது. பித்தளை விளக்குகளில் முகம் பார்க்கலாம். இருக்கைக்கு மட்டும் மதராஸிலிருந்து தோல் வரவழைக்க நினைத்தேன். அதற்கும் தேவையில்லாமல் போயிற்று. கட்டம் போட்ட பழைய துணி உறையைப் பிரித்தால், உள்ளே கம்பெனித் தோல் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

சாயங்காலம் ஆத்தாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

“மாட்டுத்தோல்ல உக்காந்துட்டு கோயிலுக்குள்ள எப்படிப் போறதுன்னு, வண்டி வந்த அன்னைக்கே என் கண்டாங்கிச் சேலையைக் கிழிச்சு உறை தைக்கச் சொன்னாக ஒங்க அப்பச்சி. அந்தத் துணி எங்கேப்பா?”

கொட்டகையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். ரிப்பேர் பார்த்த ராமையா மேஸ்திரிதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “நீங்கதான விளக்குத் தொடைக்க எடுத்துக்கச் சொன்னீக?”

ஆத்தா கோபப்படவில்லை. ஏறி உட்காரவும் இல்லை. “ஒங்க அப்பச்சி இந்தத் தோல்ல ஒரு நாளும் உக்காந்ததில்லையேப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சின்ன வயதில் பிள்ளையார்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அப்பச்சி பக்கத்தில் அந்தத் துணிமேல்தான் தூங்கிப்போவேன். இறக்கிவிடும்போது என் கன்னத்தில் கட்டம் பதிந்திருக்கும். அவர் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுச் சிரிப்பார்.

கொட்டகையில் தேடி ஒரு துண்டை எடுத்துவந்தேன். மண்ணெண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. மூன்று தரம் சோப்புப் போட்டு அலசிவிட்டேன். ஒரே ஒரு கட்டம் தெரிகிறது.