வெள்ளிக்கிழமைப் பத்து நிமிடம்

சாய்ந்தமருது
10.08.2025, ஞாயிறு

அன்புள்ள நளீம் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பீர்கள், நானும் அதையே சொல்வேன். இருபது மாதமாக இரண்டு பேரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நீங்கள் எடுக்கும் போனில், அந்தப் பக்கம் உங்கள் அறைக்காரர்கள் எட்டுப் பேர், இந்தப் பக்கம் உங்கள் உம்மா. பகல் சோற்று ஓர்டர் முடிந்து பின்னேர ஓர்டர் தொடங்குவதற்குள் பத்து நிமிடம். அதற்குள் ஒரு மனுசி என்ன கதைக்கலாம்? முன் ஒழுங்கை முபாறக் காக்கா செவ்வாய்க்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதையும் கொஞ்சம் நெத்தலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை அறைக்காரர்களோடு பங்கிடுங்கள். கடிதத்தைத் தனியே வாசியுங்கள்.

முதலில் உங்கள் மோட்டார் சைக்கிள் விசயம். நீங்களும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள்: “ஸ்டார்ட் பண்ணினயா புள்ள?”

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடியே செய்தேன். ஷெட்டில் நிறுத்தி, நீல பிளாஸ்டிக் படங்கால் மூடி, அடியில் கயிறு கட்டி வைத்தேன். வெள்ளிக்கு வெள்ளி படங்கைக் கழற்றி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி மூடினேன். டெங்குவில் கிடந்த வெள்ளிகூடத் தவறவில்லை. மாமி தன் வீட்டிலிருந்து ஓட்டோ பிடித்து அஸர் தொழுகைக்குப் பிறகு வந்துவிடுவார். நான் எஞ்சினை நிறுத்தியதும் எழுந்து வந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து உதட்டுக்குள் ஏதோ ஓதுவார். இளஞ்சூடாக இருக்கும். “எண்ட மகன்ட சாமான்” என்பார். பிறகு தேத்தண்ணி. பிறகு உங்கள் போன்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு வெள்ளி, அது இருமி இருமி நின்றுவிட்டது. கராஜ் றாஸிக்கைக் கூப்பிட்டேன். உங்களோடு படித்தவர்தானே, உங்களுக்குத் தெரியும். பெண்களோடு முகம் பார்த்துக் கதைக்கமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பெற்றோல் தாங்கியைப் பார்த்துத்தான் சொன்னார். ஒயில் மூடியைத் திறந்தார். அதன் உட்புறத்தில் பால் தேத்தண்ணியில் ஆடை பிடித்தது போல வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் வழித்துத் தாங்கிக்கு நேரே காட்டினார்.

“இது தண்ணி. எஞ்சின் நல்லாச் சூடாகி ஓடினா ஆவியாப் போயிரும். பத்து நிமிஷம் நிண்ட இடத்தில உறுமினாச் சூடும் ஏறாது, தண்ணியும் போகாது. வெள்ளிக்கு வெள்ளி சேந்து, ஒயிலோட கலந்து, உள்ளுக்குள்ள இரும்பத் திங்கிது. ஆருகா உனக்கு இந்த அநியாயத்தச் செஞ்ச?” என்று சைக்கிளைக் கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

“ஒண்டு, ஓட்டணும். இல்லாட்டி, தொடாமயே விட்டிரிக்கணும். ரெண்டும் இல்லாத இந்தப் பாசம்தான் அதக் கொல்லுது” என்றார், தாங்கியிடம்.

படங்கும் பிழையாம். கடலுக்கும் நம் வீட்டுக்கும் முந்நூறு மீற்றர்கூட இல்லை. படங்கு உப்புக்காற்றை உள்ளே அடைத்து வைத்து வேர்க்கப் பண்ணியிருக்கிறது. செயின் துருவேறி விறைத்துக் கிடந்தது. நின்ற நிலையிலேயே டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. வலப்பக்கப் பெட்டிக்குள் எலி உங்கள் கையுறையைக் கிழித்துக் கூடு கட்டி, ஐந்து குட்டி போட்டிருந்தது. இந்த வளவுக்குள் பிள்ளைப்பேறு கண்டது அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு லைலா ராத்தாவுக்கும் அதைச் சொன்னேன். மாதம் ஒரு தரம் மதிலுக்கு மேலால் “ஒண்டும் விசேஷம் இல்லயாகா?” என்று கேட்கிறவர். “மாப்புள வீட்டில இரிந்தது நாலு மாசம். மிச்சம் டோஹாவில இரிந்து காத்திலயா வரும்?” என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

சைக்கிளின் நிலையைப் போனில் சொல்லத் தொடங்கினேன். “அப்ப றாஸிக் ஓட்டட்டும்” என்றீர்கள், நேரம் முடிந்தது. றாஸிக் இரண்டு முறை வந்து எடுத்துப் போனார். மூன்றாம் முறைக்கு முன் ஒரு பெரியவர் என் வாப்பாவிடம் வந்து, மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்நிய ஆண் வந்துபோவது அழகில்லை என்றாராம். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் கிணற்று மோட்டர் எரிந்தது, காற்றில் கூரை ஓடு பறந்தது, நான் பத்து நாள் டெங்குவில் கிடந்தேன். அப்போதெல்லாம் ஒரு பெரியவரும் படி ஏறவில்லை. ஒழுக்கம் என்றால் மட்டும் வழி தெரிகிறது. றாஸிக் பயந்து, கராஜுக்குக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். யார் கொண்டுபோவது?

நான் கொண்டுபோனேன்.

கடிதத்தைக் கீழே வைக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. கம்பஸ் காலத்திலிருந்து எட்டு வருடமாக நான் ஸ்கூட்டர் ஓடுகிறேன். பெரிய சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் லைசன் எடுத்தேன். கந்தோர் வேலைக்கு ஸ்கூட்டரில் போனால் இந்த ஊரில் ‘மிஸ்’. இதில் போனால் ‘அடங்காதவள்’. இரண்டுக்கும் சக்கரம் இரண்டுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கோபித்தாலும் எழுதுவேன். அந்தச் சைக்கிள் என் வாப்பாவின் சாகாமத்து வயல், மூன்று ஏக்கர். “நாங்க ஒண்டும் கேக்கல்ல, மகனுக்கு ஒரு பெரிய சைக்கிள்ல ஆச” என்றார்கள் உங்கள் பக்கத்தார். கேட்காமல் கேட்பதில் நம் ஆட்களை வெல்ல ஆளில்லை. வீட்டோடு, வயலை விற்று வாப்பா அதையும் தந்தார், வாகனப் புத்தகத்தை மட்டும் என் பெயரில் எழுதினார். வேகமும் வேண்டும் தூரமும் வேண்டும் என்கிறவர்களுக்கென்றே செய்த ஜாதி, முன்னால் காற்றை வெட்டக் கண்ணாடி, பக்கத்துக்கொரு பெட்டி, இரண்டு பேர் நாடு சுற்றலாம் என்று எனக்கு விளக்கினீர்கள். சுற்றியது ஒரே ஒரு தரம், அறுகம்பே வரைக்கும். பிறகு நாடு சுற்றும் சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. நீங்கள் ஒரு சின்னச் சைக்கிளில் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, டோஹா வெயிலில் யார் யாருக்கோ சோறு சுமக்கப் போனீர்கள்.

றாஸிக் ஒயிலை மாற்றி, செயினும் முன் டயரும் புதிதாகப் போட்டுத் தந்தார். ஜூலை முழுக்கச் சனிக்கிழமைகளில் வாப்பாவோடு பழகினேன். அபாயா செயினில் சிக்கும் என்பதால் நீளக் காற்சட்டையும் உங்கள் ஜக்கெட்டும். நான் முன்னால் சைக்கிளில், வாப்பா என் ஸ்கூட்டரில் பின்னால், சந்திக்குச் சந்தி ஹோன் அடித்துக்கொண்டு. காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு கடந்து சாகாமம் குளக்கட்டு வரை. போய்வர எஞ்சின் நன்றாகச் சூடேறும்.

முதல் தரம் குளக்கட்டுக் கிறவல் மண்ணில் திருப்பும்போது விழுத்திவிட்டேன். இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்குக் கீறல், மன்னியுங்கள். எனக்கு முழங்கால் உரிந்தது, அதை நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். வாப்பாவும் நானும் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. லேன்மாஸ்டர் உழவு மெசினில் வந்த ஆலையடிவேம்பு ஆள் ஒருவர் இறங்கி, சுற்றிப் பார்த்து, “எருமயவிடப் பாரமா இரிக்கு, தங்கச்சி. பிடிச்சித் தூக்கக் கொம்பு எங்க இதுக்கு?” என்றார். மூன்று பேருமாகத் தூக்கினோம்.

கீழே நம் வயலில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நம் வயல் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். வாப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாங்கியில் தட்டி, “எண்ட மூண்டு ஏக்கரும் இதுக்குள்ளதான் கிடக்கு, மகள். ரெண்டு வருஷமாத் தரிசு. இண்டைக்குத்தான் ஏர் பூட்டிரிக்கி” என்றார்.

இப்போது படங்கை எறிந்துவிட்டேன். ஓடி வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து ஒயில் போட்டு, பழைய பருத்திச் சீலையால் மூடுகிறேன். போன கிழமை கராஜில் றாஸிக் மூடியைத் திறந்து பார்த்தார். ஒயில் தேன் மாதிரி இருந்தது. “சுகமாகிட்டாய்” என்றார். என்னை அல்ல.

இனி நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை. அன்று பௌர்ணமிப் போயா லீவு. மதியம் ளுஹரைத் தொழுதுவிட்டு முதல் தடவையாக வாப்பா இல்லாமல், தனியே அறுகம்பே போனேன். வெள்ளைக்காரப் பெண்கள் அலைப் பலகையைக் கக்கத்தில் இடுக்கி, பாதி உடுப்போடு ஸ்கூட்டரில் திரிகிறார்கள். கடைக்காரர்கள் சிரித்துக் கூப்பிடுகிறார்கள். கழுத்துமட்டும் மூடி நான் போய் ஒரு தேத்தண்ணி கேட்டேன். “தங்கச்சி, மாப்புள எங்க?” என்றான் கடைக்காரன். “டோஹாவில, ஒன்ன மாதிரி ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கார்” என்றேன். சீனி போடாமல் கொண்டுவந்து வைத்தான். நாம் அன்றைக்கு நின்ற பாலத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வரும்போது நாலரை ஆகிவிட்டது. மாமி வெறும் ஷெட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார், நான் விற்றுவிட்டேன் என்று நினைத்து அழுதிருக்கிறார். கேற்றுக்குள் என்னைக் கண்டதும் அழுகை ஏச்சாகிவிட்டது. “எண்ட மகன்ட சாமானில ஒனக்கு என்னகா ஏத்தம்? இறங்குகா! குமர் ஒண்ட வீட்டில வெச்சிரிக்கன், மருமகள் ஊர் சுத்துறாள் எண்டா நதீராவ ஆரு கேப்பான்?” இறங்கினேன். ஏச்சு முடிந்ததும் பழக்கத்தில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை வெடுக்கென எடுத்தார்.

“எத்தின வெள்ளி இதில கைய வெச்சன்” என்றார், கையை ஊதிக்கொண்டு. “இண்டைக்குத்தான் சுடுது.”

நான் குழாயைத் திறந்து அந்தக் கையைப் பிடித்திருந்தேன். அப்போதுதான் உங்கள் போன். ஸ்டார்ட் பண்ணினாயா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். பொய் இல்லை. பிறகு நீங்கள், தங்கச்சி நதீராவுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கு மேலே மாடி கட்டி மேல்வீடும் கேட்கிறார்கள், நவம்பரில் முடியும் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்க வரும் மாதம் ஒப்பம் வைக்கப் போகிறேன் என்றீர்கள். “நல்லது மகன்” என்றார் மாமி. போனை வைத்தார். தேத்தண்ணி ஆறியது.

“நளீம்ட வாப்பா இருவத்திரெண்டு வருஷம் சவுதில” என்றார் பிறகு. “ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு, ரெண்டு மாசம் இரிப்பாரு. விருந்தாளி மாதிரி எங்க படுக்கிறெண்டு கேப்பாரு. கடைசியா வந்தது நோயோட. மூண்டு வருஷம் மருந்து குடுத்தன். அந்த மனிசனோட நான் குடும்பம் நடத்தினது அந்த மூண்டு வருஷந்தான்கா.”

தேத்தண்ணியைச் சூடாக்க எழுந்த என்னை மாமி மறுபடி இருத்தினார்.

“எழுது. ஒப்பம் வெக்க வேணாமெண்டு உம்மா சொன்ன எண்டு எழுது. மேல்வீடு இல்லாட்டி வரமாட்டன் எண்டுற மாப்புள வராமலே இரிக்கட்டும். போன்ல சொன்னா ‘சரி உம்மா’ எண்டுட்டு வெச்சிருவான். எழுதினா ரெண்டு தரம் வாசிப்பான்.”

அதனால்தான் இந்தக் கடிதம். என் வாப்பாவின் வயல் உங்களுக்குச் சைக்கிளானது. உங்கள் வெயில் இன்னொருவனுக்கு மேல்வீடாகப் போகிறது. அவன் நாலு மாதம் அதில் இருந்துவிட்டு, தன் தங்கச்சிக்காக எங்கேயோ போவான். இதை எங்காவது ஒரு வீட்டில் நிறுத்த வேண்டும். நம் வீட்டில் நிறுத்துவோம். இங்கே வேலை இல்லை என்பீர்கள். உண்மை, ராஜா மாதிரி இருக்கமாட்டோம். றாஸிக் தனக்கு ஒரு கூட்டாளி வேண்டும் என்கிறார், முகம் பார்த்துக் கதைக்கக்கூடிய ஆளாக.

நீங்கள் வரும் நாளில் ஊர் வழக்கம் போல வான் வண்டி பிடித்துப் பதினைந்து பேரோடு கட்டுநாயக்க எயார்போட்டுக்கு வரமாட்டேன். சைக்கிளில் வருவேன். அம்பாறை, மஹியங்கனை, கண்டி என்று றாஸிக் தாளில் வழி கீறித் தந்திருக்கிறார். வாப்பா ஸ்கூட்டரில் பின்னால் வருவேன் என்று அடம்பிடிக்கிறார். அவரை அம்பாறையில் திருப்பி அனுப்பிவிடுவேன். பெரிய பெட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள். இரண்டு பக்கப் பெட்டிக்குள் கொள்ளுமட்டும் போதும். எலி இருந்த பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, உங்களுக்கென்று வெறுமையாக வைத்திருக்கிறேன். திரும்பும்போது யார் முன்னால் இருப்பது என்பதை அங்கே பேசிக்கொள்வோம்.

அதுவரை ஒவ்வொரு சந்தியிலும், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பானாக. அந்த ஒப்பந்தத் தாளை உங்களுக்கு முன்னால் வைக்கும்போது பேனையைத் தொடாதீர்கள் மச்சான். பத்து நிமிடம் போதாது என்று றாஸிக் சொன்னது சைக்கிளுக்குத்தான். ஆனாலும் போதாது.

உங்கள்
பஸ்மிலா