மச்சாளை நான் ஏசிய ஞாயிறு

மச்சாள்,

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று மத்தியானம் பின்வளவில் விறகு மூட்டினார்கள். ஒக்லாந்தில், எங்கள் ஒனிஹங்காவில் முக்கால்வாசிப் பேர் காஸ் அடுப்பில்தான் பார்பிகியூ போடுவார்கள், உங்களுக்குத் தெரியும். இது நல்ல மனுக்கா விறகு. கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் புகை மணக்கத் தொடங்கிவிட்டது. எடுக்கப் போன நான் கூடையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உங்கள் தம்பி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்னப்பா, இன்னும் எடுக்கேல்லையே?" என்று கேட்டார். "எடுக்கிறன்" என்றேன். எடுக்கவில்லை. உங்களோடு ஆர்ஜென்டினாவுக்குப் போய்விட்டேன்.

அப்போது புற்றுநோய் வைத்தியம் முடிந்து எட்டு மாதமாகியும் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் உங்கள் தம்பியைக் கட்டி வந்த நாள் தொட்டு இந்த வீட்டுக் குசினி உங்களுடையது. நான் வெறும் கையாள். அந்த எட்டு மாதமும் நீங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் புளிக்கஞ்சி, இடியப்பம், சொதி என்று மாறி மாறி வைத்துக்கொண்டு, "மச்சாள், இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுவேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவீர்கள். உங்களை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கேயாவது போய்வருவோம் என்று கேட்டதற்கு, "சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊர் எண்டால் வாறன்" என்றீர்கள். சிட்னி, டொரொன்டோ, லண்டன் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போயின. ஆர்ஜென்டினாவில் எங்கள் ஆட்கள் எவரும் எனக்குத் தெரிய இல்லை. ஒக்லாந்தில் பின்னேரம் விமானம் ஏறி, தேதிக்கோட்டைத் தாண்டி, அதே நாள் மத்தியானம் போய் இறங்கினோம். "அரை நாள் லாபம்" என்று சிரித்தீர்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மாடியில் அறை தந்த வீட்டுக்காரர் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களையும் அழைத்தார். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தபோது அவர் வளவு மூலையில் விறகை எரியவிட்டு, விழுந்த தணலை மட்டும் வாரி இரும்புத் தட்டியின் கீழே பரப்பிக்கொண்டிருந்தார். இதற்கு அசாடோ என்று பெயர், மூன்று மணித்தியாலம் ஆகும், மாட்டிறைச்சிக்குக் கல்லுப்பைத் தவிர ஒன்றும் போடுவதில்லை, அப்பாவின் நெருப்பை வேறு ஆரும் தொடக்கூடாது என்று அவருடைய மகள் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் உங்களைக் காணவில்லை.

நீங்கள் அவர்களின் குசினியில் நின்றீர்கள். மேசையில் உப்புத் தூவி வைத்திருந்த விலா இறைச்சியில் ஒரு பெரிய துண்டைத் தூக்கிக்கொண்டுபோய், குழாயின் கீழே மூன்று தண்ணீரில் கழுவி, கைப்பையில் இருந்த யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளை எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். மற்றத் துண்டையும் இழுக்கப் பார்த்த நேரம்தான் நான் உள்ளே வந்தேன். எனக்குப் பின்னால் வீட்டுக்காரர்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"உங்களுக்கு ஆர் சொன்னது இதைத் தொடச் சொல்லி? வந்த இடத்திலை கையைக் காலை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே? அந்த மனுசன் விடியத் தொடக்கம் நெருப்போடை நிக்கிறார்!"

"ரத்தத்தோடை கிடந்தது. கழுவினன்," என்றீர்கள். "நஞ்சையே தடவினனான்?"

"வாய் வேறை காட்டுறியள்! மானம் போகுது!"

வீட்டுக்காரர் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். இருமினார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், உங்கள் துண்டை மட்டும் தட்டியின் ஓரத்தில், மற்றதில் முட்டாமல் வைத்தார். ஈரம் சீறியது. நான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அவருக்குக் கை தட்டினார்கள். நெருப்புப் பார்த்தவருக்குக் கை தட்டுவது அவர்கள் வழக்கமாம். நீங்களும் தட்டினீர்கள். பிறகு உங்கள் துண்டில் ஒரு கடி கடித்து, "தூள் கூடிப்போச்சு" என்று மெல்ல என் தட்டில் தள்ளிவிட்டு, அவருடைய வெறும் உப்பு விலாவை எடுத்தீர்கள். ஒன்று. பிறகு இன்னொன்று. எலும்பைக் கையில் பிடித்துக் கடித்தீர்கள். வீட்டுக்காரர் வீம்புக்கு உங்கள் துண்டை என் தட்டிலிருந்து எடுத்து, வியர்த்து வடிய வடியச் சாப்பிட்டு முடித்தார்.

மாடிப்படியில் உங்கள் கையைப் பிடித்தேன். "மச்சாள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எல்லாருக்கும் முன்னாலை கத்திப்போட்டன்," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் ஒரு படியில் இருந்துகொண்டீர்கள்.

"ஏன் அழுறீர்? எட்டு மாசமா என்னை ஒருத்தரும் ஏசேல்லை. தம்பி, பிள்ளையள், சுவாமியார், நீர், எல்லாரும் செத்தவீட்டிலை கதைக்கிற மாதிரித்தான் என்னோடை கதைச்சனியள். இண்டைக்கு நீர் கத்தினவுடனை, ஓகோ, நான் இன்னும் சாகேல்லை எண்டு நினைச்சன். பசிச்சுது."

அதற்குப் பிறகு இன்னும் ஒரு வருடம் உயிரோடு இருந்தீர்கள். அந்த வருடம் முழுக்க நாங்கள் குசினியில் சண்டை பிடித்தோம். உப்புக்கு, தாளிதத்துக்கு, சட்டியை எந்தத் தட்டில் வைப்பது என்பதற்கு. ஆஸ்பத்திரியில் போர்வையை உதறி எறிந்ததற்கு நான் போட்ட சத்தத்தில் நேர்ஸ் ஓடி வந்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். உங்களை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் வருவதில்லை.

போன கிழமை வெஸ்ட்கேட்டில், கோயிலில் எங்களுக்குப் பின் வரிசை வாங்கில் இருப்பாவே, அந்த அன்ரியைப் பார்க்கப் போனேன். சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தா. வீடு முழுக்கக் குசுகுசுப்பு. மகள் சூப்புக் கோப்பையோடு பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன அன்ரி இது, பிள்ளை எவ்வளவு நேரமாக் கோப்பையோடை நிக்கிறாள்? கை இருக்குத்தானே, வாங்கிக் குடியுங்கோ!" என்று சத்தமாகச் சொன்னேன்.

மகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அன்ரிக்கு முகம் சிவந்தது. இரண்டு கையையும் ஊன்றி எழும்பி இருந்தா.

"நீர் ஆர் எனக்குச் சொல்ல?" என்று கத்தினா.

மனம் நிறைந்துபோயிற்று, மச்சாள்.