நிறுத்த முடிந்தவர்கள் நிறுத்தட்டும்

மார்ச் 4, திங்கள்

என் மகள் ஹேரினுக்கு நான்காம் வகுப்பு தொடங்கிய முதல் நாளே புகார். பள்ளியிலிருந்து இல்லை, கீழ்வீட்டிலிருந்து. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சுவரிலிருந்த இன்டர்காம் அலறியது. பதினோராம் மாடியில் குடியிருக்கும் பியோன் என்ற மனிதர்.

"குழந்தைய ஓடாம ஒரு இடத்துல உக்கார வைக்க மாட்டீங்களா?"

ஓடவில்லை. ஹேரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடற்பாசிச் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். வலது கால் தானாகத் தரையை உதைக்கிறது. கூடவே தலை ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுக்கும், தொண்டையிலிருந்து "ஹிக்" என்று ஒரு கீச்சல் வரும். டாக்டர் இதை 'டிக்' என்கிறார். பெயர் மட்டும் சின்னது. பள்ளியில் பகல் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் வீட்டுக்குள் கால் வைத்ததும் கொட்டுகிறது. இதைப் போன வருஷமே பியோனிடம் சொல்லியாயிற்று. வீடு முழுக்கத் தடித்த மெத்தை விரித்தாயிற்று. இன்னும் என்ன?

"அவ காலக் கட்டிப் போடணுமா?" என்று கேட்டேன்.

"அது உங்க இஷ்டம்" என்றார் அந்த மனிதர்.

இன்டர்காமைப் பிய்த்து எறிந்தால் என்ன?

மார்ச் 13, புதன்

வகுப்பாசிரியை மா டீச்சர் போன் செய்தார். ஹேரினைக் கடைசி வரிசைக்கு, பின்கதவை ஒட்டி மாற்றிவிட்டாராம்.

"அவளோட வசதிக்காகத்தான், ஹேரின் அம்மா. சத்தம் வந்தா அவ வெளியே போயிட்டு வரலாம் பாருங்க."

"அவ கேட்டாளா?"

"மத்தப் பிள்ளைங்களையும் நான் பாக்கணும் இல்லையா..."

மத்தப் பிள்ளைங்க. பிள்ளைகள் என்றால் என் மகளைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணுவார் போலிருக்கிறது. குரலில் எவ்வளவு தேன்! சத்தம் போட்டுத் திட்டுகிறவர்களையாவது நம்பலாம்.

மார்ச் 14, வியாழன்

பல் மருத்துவமனையில் பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதிக்கிறேன். வெளியே வந்தால் எல்லோர் வாயையும் மூட வேண்டியிருக்கிறது.

மார்ச் 30, சனி

ஹேரின் அப்பா வீட்டிலிருந்தால் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகும். மகளின் சத்தம் காதில் விழாமல் இருக்க. என்னிடம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்று, "ஹேரின், கொஞ்சம் அடக்கிக்கோயேன்மா. அப்பாவுக்கு லீவு நாள்" என்றார்.

அடக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாள் - துண்டு ஈரமாக, கசங்கிக் கிடந்தது.

"தும்மல் வந்தா எத்தன நேரம் அடக்குவீங்க? அடக்கிக் காட்டுங்க பாப்போம்" என்றேன்.

"நீ எல்லார்கிட்டயும் சண்டைக்கு நிக்கிற."

நிக்கிறேன். வேற யாரு நிக்கிறா? நீங்க நிக்கிறீங்களா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அடுத்த புதன்கிழமை பெற்றோர் வகுப்பில் வந்து நின்று பார்க்கும் நாள். ஒவ்வொரு பிள்ளையும் 'எனக்கு நன்றாக வருவது' பற்றிப் பேச வேண்டும். அம்மாக்களின் போன் குழுவில், ஹேரினோடு படிக்கும் கியோமின் அம்மா ஒரு செய்தி போட்டிருந்தாள் - எல்லாக் குழந்தைகளும் இடைஞ்சல் இல்லாமல் பேச நாம் ஒத்துழைப்போமே என்று. ஹேரின் பெயர் இல்லை. கீழே வரிசையாக இதயங்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போனே வந்துவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஹேரினுக்கு லீவு போட்டு எங்கயாவது சுத்திக் காட்டிட்டு வரலாமே? எல்லார் முன்னாடியும் அவளுக்குத்தானே கூச்சமா இருக்கும், பாவம்."

"உங்க பையன்தான் என் மக மாதிரி தலைய வெட்டி வெட்டிக் காட்டறானாம். அவனக் கூட்டிட்டுப் போங்களேன், ஊர் சுத்த."

வைத்துவிட்டாள். இந்த மாதத்திலேயே நன்றாக மூச்சு விட்டது அப்போதுதான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஹேரினிடம் கேட்டேன், போக வேண்டாமென்றால் வேண்டாம் என்று.

"போவேன். முட்டைச் சுருள் பத்திப் பேசப் போறேன்."

அது அவளுக்கு அபாரமாக வரும். வாணலியில் முட்டையைச் சுருட்டும்போது கழுத்தும் காலும் அநேகமாக அசைவதே இல்லை. பேசும்போதுதான்...

"அம்மா, நீ அங்க வந்து மூஞ்சிய அப்படி வச்சுக்காத."

"எப்படி?"

"யாரையோ அடிக்கப் போற மாதிரி. அதப் பாத்தா எனக்கு இன்னும் அதிகமா வருது."

பாத்திரம் கழுவப் போனேன். கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன்.

என் முகமுமா?

ஏப்ரல் 24, புதன்

தூங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

வகுப்பின் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றோம். கியோம் அம்மா பூசியிருந்த வாசனை மூக்கைத் துளைத்தது. நான் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு கஷ்டமான வேலை அது!

ஹேரின் முறை வந்தது. "எனக்கு முட்டைச் சுருள் நல்லா வரும். முதல்ல அடுப்ப..." ஹிக். தலை இழுத்தது. "அடுப்ப சின்னதா..." ஹிக். கால் தரையை உதைத்தது. நடுவரிசையில் கியோம் அதேபோலத் தலையை வெட்டி "ஹிக்" என்றான். சிரிப்பு. பிள்ளைகள் மட்டுமில்லை, எனக்குப் பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மா டீச்சர் கியோமை ஒன்றும் சொல்லவில்லை. "ஹேரின், போதும்மா. போய் உக்காரு" என்றார்.

நான் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன். ஹேரின் என்னைப் பார்த்தாள். நின்றேன்.

"இன்னும் முடிக்கல, டீச்சர்" என்றாள். பிறகு கியோம் பக்கம் திரும்பினாள். "எனக்கு இது தானா வருது. என்னால நிறுத்த முடியாது. உன்னால முடியும்ல? நீ நிறுத்து."

பின்சுவரைப் பார்த்தும் சொன்னாள்: "பின்னாடி சிரிக்கிறவங்களும்."

ஒரு சத்தமில்லை. அந்த அமைதியில் அவளிடமிருந்து இன்னொரு "ஹிக்." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முட்டை முழுசாக வேகும் முன்பே சுருட்ட வேண்டும், பயந்து பயந்து செய்தால் கிழிந்துவிடும் என்று விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் வந்தது. முடித்தாள். சிலர் கை தட்டினார்கள். கியோம் அம்மா கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அழுதாள்.

"பெரியவங்கள மரியாதையில்லாம பேசிட்டேனா?"

"ஆமா."

"பரவால்லையா?"

"பரவால்ல."

ஏப்ரல் 25, வியாழன்

நேற்றைய படங்களைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹேரின் மட்டும் ஒன்றில்கூட இல்லை. குழுவிலிருந்து வெளியேறினேன். எக்கேடோ கெட்டுப் போங்கள்.

மே 13, திங்கள்

எங்கே உட்கார ஆசை என்று மா டீச்சர் ஹேரினிடமே கேட்டாராம். என்னிடம் இல்லை, அவளிடம். இரண்டாவது வரிசை, ஜன்னலோரம் என்றாளாம். இன்று முதல் அங்கேதான்.

நன்றி சொல்லிச் செய்தி அனுப்பலாம் என்கிறார் ஹேரின் அப்பா. எதற்கு? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கா?

அனுப்பவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

லிஃப்டில் பியோன் காகிதம் ஒட்டியிருந்தார்: 'பன்னிரண்டாம் மாடிக்கு மனசாட்சி உண்டா?' கிழித்தேன். சாயங்காலம் புதிதாக ஒன்று. அதையும் கிழித்தேன்.

ஜூன் 5, புதன்

இன்று லிஃப்டில் காகிதம் இல்லை. நேற்று ராத்திரி ஹேரின் அப்பா கீழே போய்ப் பேசினாராம். என்னிடம்கூட மூச்சு விடாமல். "என்ன சொன்னீங்க?" என்றால், "கொஞ்சம் கத்தினேன்" என்கிறார்.

இவரா? கத்தினாரா?

ஜூலை 6, சனி

கழுத்து இழுக்க ஆரம்பித்ததிலிருந்து ஹேரினுக்கு நான்தான் வீட்டில் முடி வெட்டுகிறேன். கடையில் கத்திரியோடு யாரையும் அவள் பக்கத்தில் விட எனக்குப் பயம். இன்று சந்தைக்குப் பின்னாலிருக்கும் பார்லருக்குப் போக வேண்டும் என்றாள். தனியாக. "நீ வெளியவே நில்லு."

வெயிலுக்காகக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். எல்லாம் காதில் விழுந்தது.

"என் கழுத்து திடீர்னு இழுக்கும். வரப் போகுதுன்னு தெரிஞ்சா சொல்றேன், கத்திரிய எடுத்துடுங்க. சில சமயம் சொல்ல முடியாது."

"இழுத்தா இழுக்கட்டும்டி. காது போச்சுன்னா மட்டும் எங்கிட்ட வந்து கேக்காத" என்றாள் அந்தப் பருத்த பார்லர்காரி. ஹேரின் சிரித்தாள்.

நடுவில் ஒரு "ஹிக்." கூடவே பார்லர்காரி, "ஐயையோ!"

வெளியே வந்தாள். நெற்றி முடி இடப்பக்கம் சரிவாக மேலே ஏறிப் போயிருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இரு, நான் கேட்டுட்டு வரேன்."

"போகாத, அம்மா. அவங்க சாரி சொன்னாங்க. நான் சரின்னுட்டேன்."

கேட்க வேண்டியதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. போகவில்லை.

சந்தை வழியாக நடந்தோம். கடைக் கண்ணாடி வரும்போதெல்லாம் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டாள். ஹிக். காய்கறிக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஹேரின் அதைக் கவனிக்கவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"கோணலா இருக்கு."

"தெரியும்" என்றாள். "எனக்குப் பிடிச்சிருக்கு."